உச்சி வெயிலில் நிறுத்தச் சொன்ன மின்சாரம்

கூரையில் சோலார் பூட்டுகிற வேலைக்கு வந்த பிறகுதான் வெயிலை ஒழுங்காகக் கவனிக்கத் தொடங்கினேன். திருகோணமலை பூமத்திய கோட்டிலிருந்து எட்டரைப் பாகை வடக்கே கிடக்கிறது. அதனால் ஏப்ரல் நடுப்பகுதியில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, நண்பகல் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும், அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்குப் பக்கமாகத்தான் போகும். தெற்குப் பார்த்த கூரை இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லுவேன்: சாய்வு குறைவென்றால் வடக்குக் கூரையும் இங்கே வேலை செய்யும், பயப்பட வேண்டாம்.

திருமலையில் இந்த வேலைக்கு எதிரி இரண்டு. ஒன்று உப்புக் காற்று. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரையை ஒட்டின வீடுகளில் மலிவான இரும்பு ஆணி போட்டால் சீக்கிரமே துருப்பிடித்துக் கழன்று வரும், ஆகவே துருப்பிடிக்காத எஃகுதான் போட வேண்டும், வயர் இணைப்புகளை மழைத் தண்ணீர் தேங்காத மாதிரித் தூக்கிக் கட்ட வேண்டும். இரண்டாவது சூடு. வெயில் கூடினால் மின்சாரமும் கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பனலுக்கு வேண்டியது வெளிச்சம். பனலின் சூடு 25 பாகை செல்சியசைத் தாண்டினால் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.3 அல்லது 0.4 பங்கு உற்பத்தி குறையும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்கு மேலே பனல் 60 பாகையைத் தாண்டிக் கொதிக்கும். அதனால் கூரைக்கும் பனலுக்கும் இடையில் காற்று ஓட இடைவெளி விடுகிறோம். அந்த மாதங்களில் மழையும் இல்லை, தூசி படியும், காகம் வேறு. விடியப்புறம் பனல் குளிர்ந்து கிடக்கிற நேரத்தில் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுவேன், மத்தியானம் கொதிக்கிற கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இதெல்லாம் கைவேலை, பழகினால் வரும். விளங்கப்படுத்தக் கஷ்டமானது வேறு.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அந்த நேரம் நாங்கள் பூட்டிக் கொடுத்த வீடுகளிலிருந்து ஓயாமல் அழைப்பு. அன்புவழிபுரத்தில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, வெயில் இப்பிடிக் கொளுத்துது, கூரை முழுக்கப் பனல் கிடக்கு, வீட்டில ஒரு ஃபேன் சுத்தேல்லையே, இது என்ன ஞாயம்?" கேள்வி சரிதான். பனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிற பெட்டிதான் இன்வேட்டர். பற்றரி இல்லாத சாதாரண இன்வேட்டர் மின்சார சபையின் லைனைப் பார்த்து அதனோடு ஒத்துத்தான் ஓடும். லைன் செத்தால் அதுவும் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற தொழிலாளியின் கையில் எங்கள் வீட்டுக் கரண்ட் பாயும். ஒரு மனிதரின் உயிருக்காகத்தான் நிற்கிறது ரீச்சர் என்று சொன்னேன். விளங்கிக்கொண்டார். ஆனால் விற்கிற நேரமே இதைச் சொல்ல வேண்டாமா? சொல்லாமல் விற்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம்.

அப்புறம் 2025. பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் குரங்கு ஒன்று புகுந்ததில் தொடங்கி நாடு முழுக்க மின்சாரம் போனது. சனம் குரங்கைப் பற்றித்தான் கதைத்தது. எங்கள் தொழிலில் இருக்கிற ஆக்களுக்குத் தூக்கம் கெட்டது வேறு காரணத்தால். ஞாயிறு மத்தியானம் தொழிற்சாலைகள் மூடிக்கிடக்கும், தேவை குறைவு, அதில் பெரும் பங்கைக் கூரைச் சோலார் கொடுத்துக்கொண்டிருக்கும். நீர் மின் நிலையத்திலும் அனல் மின் நிலையத்திலும் சுற்றுகிற கனமான இயந்திரங்களுக்கு ஒரு வேகம் இருக்கிறது, எங்காவது கோளாறு வந்து அடிபட்டால் அந்தச் சுழற்சி சில விநாடிகளுக்காவது வலையமைப்பைத் தாங்கிப் பிடிக்கும். பனலுக்குச் சுழலும் பாகமே இல்லை. தாங்க ஆளில்லாத நேரத்தில் அடி விழுந்தால் முழுவதும் சரியும்.

இரண்டு மாதத்தில் புத்தாண்டு விடுமுறை வந்தது. ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணி வரைக்கும் கூரைச் சோலாரை நிறுத்தி உதவுங்கள் என்று மின்சார சபை வேண்டுகோள் விட்டது. சூரியன் திருமலைக்கு நேர் உச்சியில் நிற்கிற அதே நாட்கள். கடன் எடுத்துப் பூட்டியவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஒரு ஐயா, "இதை மூடி வைக்கத்தானா தம்பி வங்கிக்கு மாதம் மாதம் கட்டுறன்" என்றார். விடுமுறையில் தேவை குறைவு, வலையமைப்பு தாங்காது என்று சபை சொன்ன காரணத்தில் பொய்யில்லை என்பது எனக்குத் தெரியும், அந்த ஐயா சொன்னதும் பொய்யில்லை. ஒழுங்கையில் இந்தப் பிரச்சினையைச் சின்ன அளவில் நான் ஒவ்வொரு கிழமையும் பார்க்கிறேன்: ஒரே ட்ரான்ஸ்போமரில் பல வீடுகள் சோலார் பூட்டி, எல்லோரும் பகலில் வேலைக்குப் போய்விட்டால், அனுப்புகிற மின்சாரத்தை எடுக்க ஆளில்லாமல் வோல்டேஜ் ஏறும். எங்கள் நாட்டில் 230 வோல்ட்டுக்கு மேலே நூற்றுக்கு ஆறு பங்குதான் எல்லை. அதைத் தாண்டினால் இன்வேட்டர் தானாக விலகிக்கொள்ளும். பின்னேரம் எல்லோரும் வீடு வந்து லைட்டும் அயர்ன் பெட்டியும் போடுகிற நேரம் சூரியன் இல்லை, எண்ணெய் எரிக்க வேண்டும்.

மூதூர்ப் பக்கம் இருக்கிற சம்பூரைப் பார்க்கிறபோதும் எனக்கு இதே நினைப்புத்தான். 2006 இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்த அந்தச் சனத்தின் காணிகளில்தான் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் என்று திட்டம் போட்டார்கள். 2015 இற்குப் பிறகுதான் பலர் ஊர் திரும்பினார்கள், வந்த கையோடு நிலக்கரிக்கு எதிராகவும் நிற்க வேண்டி வந்தது. 2016 செப்டெம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நல்லது நடந்தது என்றே மனதாரச் சொல்லுவேன். மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடாவுக்குள் சூடான தண்ணீரும், காற்றில் சாம்பலும் கலந்திருந்தால் அந்தக் கரையில் வலை போடுகிறவர்களின் பிழைப்பு என்னவாகியிருக்கும்? இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையம், 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி அடிக்கல் நாட்டினார்கள். எனக்குச் சந்தோஷம். ஆனால் அதுவும் என் ரீச்சர் வீட்டுப் பனல் மாதிரி மத்தியானத்தில்தான் உச்சத்துக்கு வரும். மத்தியான மின்சாரத்தை எடுக்க ஆள் சேர்க்காமல் பனலை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் ஏப்ரல் வேண்டுகோள் வருடம் முழுக்க வரும்.

பற்றரி ஒரு வழி, விலையும் இறங்கிக்கொண்டு வருகிறது. எனக்கு அதற்கு முதல் நினைவுக்கு வருவது ஐஸ். கடற்கரை மாவட்டம் இது, கொட்பேயிலிருந்து புல்மோட்டை வரை, இந்தப் பக்கம் கிண்ணியா, மூதூர், மீனுக்கு ஐஸ் இல்லாமல் ஒரு நாளும் நகராது. சூடான நாடுகளில் ஒரு தொன் கட்டி ஐஸ் செய்ய 55 முதல் 70 அலகு வரை மின்சாரம் போகும். சூடு புகாமல் நல்ல காப்பிட்ட அறையில் வைத்தால் ஐஸ் கரையாமல் கிடக்கும், அதாவது மத்தியானச் சூரியனை அடுத்த நாள் விடியப்புறம் படகில் ஏற்றலாம். ஒரு ஐஸ் தொழிற்சாலையில் கூரை வேலைக்காக அளவெடுக்கப் போனபோது முதலாளி கணக்கைத் திறந்து காட்டினார். ஐஸ் உறைய வைக்கிற கொம்பிரசரை ஏன் இரவில்தான் கூடுதலாக ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "விலை அப்பிடித்தானே தம்பி போட்டிருக்கிறான்" என்றார். உண்மைதான். தொழிற்சாலைகளுக்கு நேரத்துக்கு ஒரு விலை: மாலை 6.30 முதல் 10.30 வரை கூடிய விலை, இரவு 10.30 முதல் விடிய 5.30 வரை ஆகக் குறைந்த விலை, பகல் முழுக்க இடைப்பட்ட விலை. நடுச்சாமத்தில் தேவை படுத்துவிடும், நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தை அணைத்து அணைத்து ஏற்ற முடியாது, அந்தக் காலத்துக்கு அது பொருத்தமான விலை. இன்றைக்கு வேண்டாமென்று மூடுகிற மின்சாரம் காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் இருக்கிறது, அதை மலிவாக்காமல் ஐஸ்காரர் ஏன் மாற வேண்டும்? கந்தளாயில் அரிசி ஆலைக்காரருக்கும், தண்ணீர் இறைக்கிற தோட்டக்காரருக்கும் இதே கதைதான்.

அந்த முதலாளிக்கு நான் கொடுத்த திட்டத்தில் கூரைப் பனலின் அளவைக் குறைத்து, ஐஸ் அறைக்குக் காப்பு கூட்டச் சொல்லி எழுதினேன், எனக்கு அதில் வருமானம் குறைவு. சொந்தக் கூரையில் வருகிற மத்தியான மின்சாரத்தைச் சபைக்கு விற்காமல் நேரே கொம்பிரசருக்குக் கொடுத்தால் பகல் விலை என்னவாக இருந்தாலும் அவருக்குக் கட்டுப்படியாகும். மிச்சத்துக்கு விலைப்பட்டியல் மாற வேண்டும், அது என் கையில் இல்லை. பார்க்கிற பொறியியலாளர்களிடமெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.