கேம் நடுவில் உறைந்தால்: கிரபிக்ஸ் கார்ட் வாங்குவதற்கு முன் புரொசெசரைப் பாருங்கள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேம் ஒன்று எந்த அறிகுறியும் காட்டாமல் அப்படியே உறைந்து நின்றுவிட்டால், திருகோணமலையில் முதலில் குற்றம் சாட்டப்படுவது கிரபிக்ஸ் கார்ட்தான். அதற்கு அடுத்தது ரேம். இந்த இரண்டையும் மாற்றுவதற்கு ஒரு குடும்பம் செலவிட வேண்டிய தொகை சிறியதன்று. பல வீடுகளில் அது வெளிநாட்டிலிருக்கும் அண்ணாவிடமோ மாமாவிடமோ கேட்டு வாங்கும் பணம். எனக்குத் தெரிந்தவர்களின் கணினிகளைப் பார்த்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: அவற்றில் கணிசமானவற்றில் பழுதடைந்த பாகம் என்று எதுவுமே இருக்கவில்லை. புரொசெசர் நல்ல நிலையில் இருந்தது, கேமும் முழுமையாகப் பதியப்பட்டிருந்தது. ஆனால் அந்தக் கேமை எழுதியவர்கள் மனதில் வைத்திருந்த புரொசெசர் ஒன்று, மேசைக்குக் கீழே இருந்த புரொசெசர் வேறொன்று. இந்தப் பொருந்தாமையை எப்படிக் கண்டறிவது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன், எங்கள் ஊருக்கே உரிய சில காரணங்களை விலக்கிவிட வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது தகரக் கூரையின் கீழுள்ள அறையில் கணினி கொதிப்பது இயல்பு. ஆனால் வெப்பம் மிகும்போது புரொசெசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் படம் தத்தித் தத்தி ஓடும், சட்டென்று நின்றுவிடுவது அரிது. ஒரே கேமின் ஒரே கட்டத்தை விடியற்காலையிலும் பிற்பகல் இரண்டு மணிக்கும் விளையாடிப் பாருங்கள். இரு வேளையும் அதே இடத்தில் உறைந்தால் அது வெப்பத்தின் வேலையன்று. உப்புக் காற்று இன்னொரு காரணம். உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர வீடுகளில் ரேமின் தொடுமுனைகளில் படிவு பிடிப்பதுண்டு. அதைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்துவதற்குச் செலவு எதுவும் இல்லை என்பதால் அதை முதலிலேயே செய்துவிடலாம். மாலை வேளைகளில் மட்டும் சிக்கல் வருகிறதென்றால் மின்னழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இவற்றைத் தாண்டியும் கேம் உறைகிறதென்றால், அது எப்படி உறைகிறது என்பதைக் கவனிப்பதே மிக முக்கியமான வேலை. பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில் பவர் பொத்தானை அழுத்தி அணைத்துவிடுகிறார்கள். அதோடு தடயமும் போய்விடுகிறது. மவுஸ் அசையவில்லை, ஒலி ஒரே துண்டாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறது, விசைப்பலகையின் விளக்குகூட மாறவில்லை என்றால் முழுக் கணினியும் நின்றுவிட்டது என்று பொருள். மின்வழங்கி, ரேம், மதர்போர்ட் ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். ஆனால் விண்டோஸ் உயிரோடு இருந்து கேம் மட்டும் உறைந்திருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறவுங்கள். கேமின் பெயருக்கு நேரே சிபியு (புரொசெசர்) நிரலில் என்ன எண் தெரிகிறது என்று பாருங்கள். பூச்சியம் என்றால் கேமின் ஒரு திரெட் (தனியாக ஓடும் ஒரு வேலை இழை) இன்னொன்றுக்காக முடிவில்லாமல் காத்திருக்கிறது. ஒரே நேரத்தில் 16 திரெட்களை ஓட்டக்கூடிய புரொசெசரில் அந்த எண் 6 வீதத்தை ஒட்டியே அசையாமல் நின்றால், ஒரு திரெட் மட்டும் முழு வேகத்தில் ஒரே வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது; நூறை 16ஆல் வகுத்தால் வருவது அந்த எண்தான். இந்த இரண்டு நிலைகளுமே கிரபிக்ஸ் கார்ட்டைவிட மென்பொருளுக்கும் புரொசெசருக்கும் இடையிலான உறவையே அதிகம் சுட்டுகின்றன.

அந்த உறவு முறியும் வகைகளில் எளிதாகக் கண்டறியக்கூடியது, கேம் கேட்கும் கட்டளைகள் புரொசெசரில் இல்லாமை. புதிய புரொசெசர்களில் காலத்துக்குக் காலம் புதிய கட்டளைத் தொகுதிகள் சேர்க்கப்படுகின்றன. எஸ்எஸ்இ 4.2 தொகுதியும் பாப்கவுன்ட் கட்டளையும் இன்டெல்லின் வரிசையில் 2008 முடிவில் வந்த முதல் கோர் ஐ7 உடன் வந்தன. ஏவிஎக்ஸ் 2011இலும், ஏவிஎக்ஸ்2 2013இலும் வந்தன. கேம் அவற்றில் ஒன்றைக் கேட்கும்போது புரொசெசருக்கு அது தெரியாவிட்டால் கேம் அந்த இடத்திலேயே செத்துவிடும். சில வேளை கேமின் சாளரம் மட்டும் உறைந்த படமாக எஞ்சி நிற்கும். 2016இல் வெளியான நோ மேன்ஸ் ஸ்கை, ஏஎம்டியின் ஃபீனம் புரொசெசர்களில் இவ்வாறுதான் திறக்க மறுத்தது. அதற்கெனத் தனித் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. 2018இன் அசாசின்ஸ் கிரீட் ஒடிசி முதலில் ஏவிஎக்ஸ் இல்லாத புரொசெசர்களில் ஓடவில்லை. பின்னர் வந்த திருத்தம் அந்தத் தேவையை நீக்கியது. இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. புரொசெசர் புதியது என்பதால் எல்லாக் கட்டளைகளும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2020இல் வெளியான பென்டியம் கோல்ட் ஜி6400 புரொசெசரில்கூட ஏவிஎக்ஸ் இல்லை. அதைவிட ஒன்பது ஆண்டுகள் பழைய கோர் ஐ5 2400இல் அது இருக்கிறது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து ‘இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்’ என்ற வரியைப் படித்தால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிழைகளைப் பதிந்துவைக்கும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் கேம் நின்ற நேரத்துக்குரிய பதிவில் பிழைக் குறியீடு 1டி என்று முடிந்திருந்தால், அறியாத கட்டளை என்பதே அதன் பொருள்.

கொழும்பிலிருந்து இறங்கும் பழைய அலுவலகக் கணினிகளை வாங்குபவர்களுக்கு இதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோர் 2 குவாட் பொருத்திய கணினியில் எவ்வளவு ரேம் போட்டாலும், எவ்வளவு நல்ல கிரபிக்ஸ் கார்ட் பூட்டினாலும், அந்தக் கட்டளைகள் வந்து சேரப் போவதில்லை. எட்டு, பத்துக் கோர்கள் (புரொசெசருக்குள் தனித்தனியாக இயங்கும் பகுதிகள்) என்று விளம்பரப்படுத்தி விற்கப்படும் சியோன் ஈ5 இரண்டாம் பதிப்புப் புரொசெசர்களில் ஏவிஎக்ஸ் உண்டு, ஏவிஎக்ஸ்2 இல்லை. மூன்றாம் பதிப்பில் இரண்டுமே உள்ளன. விலை வேறுபாடு சிறிதாயிருக்கும்போது அந்த ஓர் எண்ணைப் பார்த்து வாங்குவது பல ஆண்டுகளுக்கு உதவும்.

இரண்டாவது வகை, கோர்களின் எண்ணிக்கையால் வருவது. இது இரு திசைகளிலும் நடக்கும். 2014இன் ஃபார் க்ரை 4, இரண்டு திரெட்கள் மட்டுமே கொண்ட புரொசெசர்களில் கருந்திரையோடு நின்றுவிட்டது. இல்லாத மூன்றாவது கோரில் தன் வேலை ஒன்றைக் கட்டிப்போட அது முயன்றதே காரணம். மறுபுறம், ஒற்றைக் கோர் காலத்தில் எழுதப்பட்ட கேம்களுக்குப் பல கோர்கள் இருப்பதே தொல்லை. 2005இல் ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 வந்தபோது, ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக ஒரு நேரமானி இருந்தது; இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கேம் ஒரு கோரிலிருந்து மற்றதற்கு மாற்றப்படும்போது நேரம் பின்னோக்கிப் போனது போலத் தோன்றும்; ஏற்கனவே கடந்துவிட்டதாக எண்ணிய ஒரு கணத்துக்காக அது மீண்டும் காத்திருக்கும், அல்லது கண்டபடி வேகமாக ஓடும். ஏஎம்டி இதற்காகவே ‘டூவல்-கோர் ஒப்டிமைசர்’ என்ற சிறு மென்பொருளை வெளியிட்டது. இன்றைய புரொசெசர்களில் அந்த நேரமானிச் சிக்கல் தீர்ந்துவிட்டது, ஆயினும் அந்தக் காலத்துக் கேம்களில் சில இன்றும் ஒரே கோருக்குள் அடைத்தால்தான் ஒழுங்காக ஓடுகின்றன.

மூன்றாவது வகைதான் இப்போது அதிகம் காணப்படுவது: ஒரே புரொசெசருக்குள் இரண்டு வகைக் கோர்கள். 2021 நவம்பரில் விற்பனைக்கு வந்த இன்டெல்லின் 12ஆம் தலைமுறையில், வலிய வேலைகளுக்கான பி-கோர்களும் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் ஈ-கோர்களும் சேர்ந்தே இருந்தன. கேம்களைத் திருட்டுப் பிரதியிலிருந்து காக்கும் டெனுவோ போன்ற சில காவல் மென்பொருள்கள், ஈ-கோரில் தம்மைக் கண்டபோது வேறொரு கணினிக்கு மாற்றப்பட்டுவிட்டதாக முடிவு செய்து கேமை நிறுத்தின. இன்டெல் ஐம்பதுக்கும் மேற்பட்ட கேம்களின் பட்டியலை வெளியிட்டது. இடைக்காலத் தீர்வாக, பயோஸில் (கணினி எழும்பும்போது முதலில் இயங்கும் மதர்போர்ட் மென்பொருளில்) பழைய கேம்களுக்கான ஒத்திசைவு முறையை இயக்கிவிட்டு, விசைப்பலகையில் ஸ்குரோல் லொக் விசையை அழுத்தினால் ஈ-கோர்கள் ஓய்வுக்குப் போகும் வசதியும் தரப்பட்டது. அந்தப் பட்டியலிலிருந்த கேம்களுக்கு 2022 ஜனவரி அளவில் திருத்தங்கள் வந்துவிட்டன. ஆனால் திருத்தம் வந்துவிட்டது என்பதும், அது ஒருவருடைய கணினியில் இறங்கியிருக்கிறது என்பதும் ஒன்றல்ல. மொபைல் டேட்டாவில் இணையம் பாவிக்கும் வீடுகளில் கேம் அப்டேட்டும் விண்டோஸ் அப்டேட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன்.

என் தங்கையின் மகனுடைய கணினி இதற்கு நல்ல உதாரணம். ஆறு பெரிய கோர்களும் நான்கு சிறிய கோர்களுமாக (பெரியவற்றுக்குத் தலா இரண்டு, சிறியவற்றுக்குத் தலா ஒன்று) 16 திரெட்கள் கொண்ட புரொசெசர் அது. புதிய கேம்கள் எல்லாம் ஓடின. அவன் மிகவும் விரும்பும் பழைய கார் ஓட்டக் கேம் மட்டும், பந்தயம் தொடங்கிச் சற்று நேரத்தில் உறைந்தது. “மாமா, கார்ட் போயிட்டுதெண்டு கடையில சொல்லீனம், மாத்தவோ?” என்று கேட்டான். புதிய, கனமான கேம்களைத் தாங்கும் கார்ட் பழைய கேமில் மட்டும் பழுதாகாது என்று அவனுக்கு விளக்கிவிட்டு, கேமைத் திறந்து, டாஸ்க் மனேஜரின் ‘டீற்றெயில்ஸ்’ பகுதியில் அதன் பெயரின் மேல் வலது சொடுக்குச் செய்து கேம் எந்தத் திரெட்களில் ஓடலாம் என்று குறிக்கும் ‘செட் அஃபினிட்டி’யைத் தெரிவுசெய்தோம். அந்தப் பட்டியலில் பெரிய கோர்களின் திரெட்கள் 0 முதல் 11 வரையும் சிறியவை 12 முதல் 15 வரையும் இருந்தன. கடைசி நான்கையும் நீக்கியதும் பந்தயம் முடிவு வரை ஓடியது. மீண்டும் சேர்த்ததும் உறைந்தது. இப்படிச் சேர்த்தும் நீக்கியும் பார்ப்பது இன்றியமையாதது, ஏனெனில் ஒரு முறை ஓடிவிட்டது என்பது சான்றாகாது.

அஃபினிட்டி கேமை மூடியதும் மறைந்துவிடும் என்பதால் நிரந்தர வழி ஒன்று வேண்டும். விண்டோஸின் ‘ஸ்டார்ட்’ கட்டளையோடு ‘அஃபினிட்டி’ என்ற தெரிவையும் பதினாறின் அடியிலான ஓர் எண்ணையும் சேர்த்து ஒரு ஷோர்ட்கட் உருவாக்கலாம். முதல் 12 திரெட்களுக்கு அந்த எண், எஃப் என்ற ஆங்கில எழுத்தை மூன்று முறை எழுதுவது. இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. அஃபினிட்டியைக் குறைத்தாலும், கணினியில் எத்தனை திரெட்கள் உள்ளன என்று கேம் விண்டோஸைக் கேட்டால் 16 என்றே விடை கிடைக்கும். அந்த எண்ணிக்கையைக் கண்டே குழம்பும் கேம்களுக்கு, விண்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கொன்ஃபிக்கின் ‘பூட்’ பகுதியில் புரொசெசர்களின் எண்ணிக்கையைக் குறைத்து மறுதொடக்கம் செய்வது, அல்லது பயோஸில் ஈ-கோர்களை அணைப்பது மட்டுமே பயன்தரும். விளையாடி முடிந்ததும் அதை மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் முழுக் கணினியும் மெதுவாகிவிடும். இணையவழிப் போட்டிக் கேம்களில் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் அஃபினிட்டியை மாற்ற அனுமதிக்காவிட்டால் அதை மீற முயல வேண்டாம், கணக்கே தடைசெய்யப்படலாம்.

ஒரு கணம் உறைந்து பின் தானாகவே தொடரும் தடங்கல் வேறு வகை. ஏஎம்டி ரைசன் கணினிகளில் புரொசெசருக்குள்ளேயே இயங்கும் பாதுகாப்புத் தொகுதியான எஃப்ரிபிஎம், மதர்போர்ட்டிலுள்ள பயோஸ் நினைவகத்தோடு தொடர்பு கொள்ளும்போது இவ்வாறு நேரும் என்று அந்நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. மே மாதம் முதல் பயோஸ் திருத்தங்கள் வரத் தொடங்கின.

இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசெசர்களைப் பற்றி மட்டும் வேறு தொனியில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இது பொருந்தாமை அல்ல, உண்மையான சேதம். அவற்றில் பல, அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்று நாளடைவில் தளர்ந்துபோயின. கேம் உறைவது, கோப்புகளை விரிக்கும்போது பிழை வருவது, தாராளமாக இடமிருந்தும் கிரபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தி தோன்றுவது ஆகியவை அதன் அறிகுறிகள். இந்தக் கடைசிச் செய்தியைப் பார்த்து நல்ல கார்ட்டை மாற்றியவர்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் மின்னழுத்தத்தை 1.55 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் மைக்ரோகோட் (புரொசெசரின் உள்மென்பொருள்) திருத்தம் வந்தது, செப்டெம்பரில் இன்னொன்று வந்தது. உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. இந்தத் திருத்தங்கள் இனிவரும் சேதத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கனவே தளர்ந்த புரொசெசரை மீட்கமாட்டா. ஆகவே இவ்வகைப் புரொசெசரை இரண்டாம் கையில் வாங்குபவர் உத்தரவாதம் யாருடைய பெயரில், எதுவரை இருக்கிறது என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். இந்தத் திருத்தங்கள் பயோஸ் கோப்பாகவே வரும்; அது சில பத்து மெகாபைட்கள்தான், மொபைல் டேட்டாவே போதும். ஆனால் யுபிஎஸ் இல்லாமல் அதை ஏற்றாதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்ட் எழும்பாமலே போகலாம்.

இவை எதிலும் தீராவிட்டால் கேம் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். ‘கேம் ஓடவில்லை’ என்று மட்டும் எழுதினால் பொதுவான விடைதான் வரும். புரொசெசரின் முழுப் பெயர், பயோஸ் பதிப்பு, விண்டோஸ் பதிப்பு, உறைந்த வேளையில் டாஸ்க் மனேஜர் காட்டிய எண், ஈவன்ட் வியூவரில் இருந்த பிழைக் குறியீடு, எந்தக் கோர்களை நீக்கியபோது கேம் ஓடியது என்ற விபரம் ஆகியவற்றை ஒரே கடிதத்தில் சேர்த்து அனுப்புங்கள்.