மின்கம்பம் எட்டாத கொல்லை

12 ஜனவரி 2025, ஞாயிறு

வீடு கட்டிக் குடியேற, புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்துக்குத் தெற்கே 60 சென்ட் புஞ்சை பார்த்தோம். செம்மண். நடுவில் பனைகள், கிழக்கு ஓரம் முழுக்கச் சீமைக்கருவேலம். சென்ட் பத்தாயிரம் சொல்கிறார்கள். மின்கம்பம் வெகு தூரத்தில் நிற்கிறது. பக்கத்துக் கொல்லைக்கார ஐயா கரண்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. "குடிதண்ணிக்கு என்ன செய்வீக தம்பி? இங்கிட்டுப் போர் போட்டா உப்புக் கரிக்கும்" என்றார்.

2 பிப்ரவரி, ஞாயிறு

முப்பது வருட வில்லங்கச் சான்றில் சிக்கல் இல்லை. கூட்டுப் பட்டா என்பதால் அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் பாதைதான் முக்கியம். புலப்படத்தில் (நிலத்தின் சர்வே வரைபடம்) வண்டிப்பாதை எங்கள் எல்லைக்கல் வரை வருகிறது. விலை குறைவான நிலங்கள் சிலவற்றில் வழி என்பது வெறும் வாய்ப்பேச்சு. பக்கத்துக்காரர் மனம் மாறினால் செங்கல் லாரி ரோட்டோடு நின்றுவிடும். புலப்படம் பார்க்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

16 பிப்ரவரி, ஞாயிறு

இன்று முழுக்கத் தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நாங்கள் கட்ட நினைக்கும் ஓட்டுக் கூரை 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர். நூறு மில்லிமீட்டர் மழைக்குச் சேதாரம் போக 4,500 லிட்டர் சேரும். குடிக்கவும் சமைக்கவும் மூன்று பேருக்கு நாளைக்கு 30 லிட்டர். தை முதல் ஆவணி வரை எட்டு மாதத்துக்கு 7,200 லிட்டர். ஆக, பத்தாயிரம் லிட்டர் ஃபெரோசிமென்ட் தொட்டி (கம்பிவலைமேல் சிமென்ட் பூசியது) ஒன்று போதும். ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்தாலே நிறைந்துவிடும். முதல் மழையை வெளியே விட ஒரு திருப்புக்குழாய், தொட்டி வாய்க்கு வலை, வெளிச்சம் புகாத மூடி வேண்டும். குளிக்க, துவைக்கப் போர்த் தண்ணீர்.

9 மார்ச், ஞாயிறு

கரண்ட் விஷயத்தில் மனைவிக்கும் எனக்கும் நீண்ட பேச்சு. "ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் சும்மா குடுக்குற ஊர்ல பேட்டரிக்கு எதுக்குங்க காசு?" நியாயமான கேள்வி. நாலு எல்இடி பல்பு, கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி இரண்டு, மிக்ஸி, லேப்டாப், போன் எல்லாம் சேர்த்தும் நாளைக்கு 1.1 யூனிட்தான். இரண்டு மாதத்துக்கு 66. கம்பம் பக்கத்தில் இருந்தால் பில்லே வராது, சோலார் வீண்செலவு. எங்களுக்கோ மற்றவர்கள் கொல்லை வழியாக லைன் இழுக்க வேண்டும், அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் சோலார்தான்.

மத்திய அரசின் கூரை சோலார் திட்டமான பிஎம் சூரிய கர் மானியம், கிரிட்டில் (பொது மின் லைனில்) இணைத்த வீட்டுக்குத்தான், எங்களுக்குக் கிடையாது. ஒரு கிலோவாட் பேனல் வெயில் நாளில் நாலு யூனிட்டுக்கு மேல் தரும். ஐப்பசி அடைமழையில்தான் சிரமம். 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் 1.8 யூனிட் நிற்கும், ஆனால் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் போய்விடும். அதனால் இரண்டு பேட்டரி. ஃபிரிட்ஜ் வைத்தால் தினசரித் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். தயிரும் மாவும் அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவியே சொல்லிவிட்டாள். பெரிய செலவு அங்கேயே குறைந்தது.

30 மார்ச், ஞாயிறு

கழிப்பறை இரட்டைக்குழி. ஒன்று நிறைந்ததும் மற்றதுக்கு மாற்றி, நிறைந்ததை இரண்டு வருடம் ஆறப்போட்டால் உரம். போரிலிருந்து தள்ளித்தான் தோண்ட வேண்டும். சாண எரிவாயு ஆசை இருந்தது. இரண்டு கன மீட்டர் கலனுக்குத் தினம் 50 கிலோ சாணம் வேண்டும். இரண்டு நாட்டு மாட்டை வைத்துக்கொண்டு முடியாது. இப்போதைக்குப் புகையில்லா அடுப்பு, விறகுக்குக் கிழக்கு ஓரத்துக் கருவேலம்.

9 ஏப்ரல், புதன்

கிரயம் முடிந்தது, மனைவி பெயரில். இந்த மாதம் 1ஆம் தேதி முதல் பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. ஆறு லட்சத்துக்கு ஆறாயிரம் மிச்சம். முத்திரைத்தீர்வை 42,000 தனி.

20 ஜூலை, ஞாயிறு

எலிப்பொறிக் கட்டில் (செங்கலை நிறுத்தி வைத்து நடுவில் இடைவெளி விடும் முறை) சுவர் எழுப்பக் கொத்தனார் சம்மதித்துவிட்டார். செங்கல் கால்வாசி மிச்சமாகும். ஆனால் அவரிடம் முதலில் தொட்டியைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். சுவர் எழும்பும்வரை தகரக் கொட்டகையின் கூரைத் தண்ணீரை அதில் விடலாம். பக்கத்துக் கொல்லை ஐயா உயிர்வேலிக்கு நடக் கிளுவைப் போத்து (கிளைத்துண்டு) தருவதாகச் சொல்லியிருக்கிறார். கம்பிவேலிக்கு ஒதுக்கிய பணம் இரண்டாவது பேட்டரிக்குப் போகும்.