வெளுத்த ஜீன்ஸைக் கறுப்பாக்கிய கதை

சாயம் ஏற்றுவதைவிட, ஏறாமல் நின்றுபோன சாயத்தை வெளியேற்றுவதுதான் பெரிய வேலை. ஜீன்ஸை வீட்டில் கறுப்பாக்க நினைப்பவர்கள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிடுவது நல்லது.

என்னுடையது கருநீலமாக வாங்கியது. ஜீன்ஸ் துணியான டெனிமில் அவுரி நீலம் நூலின் மேற்பரப்பில்தான் படிகிறது. உரசும் இடமெல்லாம் உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். கோலாலம்பூர் வெயிலும் சேர்ந்து முழங்காலை வெளிற வைத்துவிட்டது. துணி மட்டும் உறுதியாக இருந்தது. லேபிளில் 98 விழுக்காடு பருத்தி என்றிருந்ததால் துணிந்தேன்.

பாத்தேக் என்ற மெழுகுச் சித்திரத் துணிக்கான பொருள்கள் விற்கும் கடையில், பருத்தியோடு வேதிவினை புரிந்து பிணையும் ரியாக்டிவ் வகைக் கறுப்புச் சாயத்தூள் கிடைத்தது. பாத்தேக் வரைபவர்கள் இவ்வகைச் சாயத்தைத் தீட்டி, மேலே சோடியம் சிலிகேட் பூசி நிலைக்க வைக்கிறார்கள். அண்டாவில் முக்குபவருக்குச் சலவைச் சோடா போதும். சமையல் சோடா ஆகாதா என்று அம்மா கேட்டார். ஆகாது, அதற்குக் காரத்தன்மை குறைவு. அவருடைய அலுமினிய அண்டாவும் ஆகாது. சலவைச் சோடா அலுமினியத்தை அரிக்கும். எவர்சில்வர் அண்டாவைத் தர அவர் மறுத்துவிட்டார். சாயம் காய்ச்சிய பாத்திரத்தில் பிறகு சமைக்கக் கூடாது என்பதால் நியாயம் அவர் பக்கமே. பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

அளவெல்லாம் உலர்ந்த துணியின் எடையைப் பொறுத்தது. ஜீன்ஸ் 700 கிராம். கறுப்புக்குத் தூள் தாராளமாக வேண்டும்; எடையில் 8 விழுக்காடு, அதாவது 56 கிராம் எடுத்தேன். 12 லிட்டர் தண்ணீருக்கு உப்பு 600 கிராம், சோடா 240 கிராம். உப்பு சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுகிறது, சோடா அதைப் பருத்தியோடு பிணைக்கிறது. தூளைக் கரைக்கும்போது மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் அணிய வேண்டும். சுவாசித்தால் ஒவ்வாமை வரக்கூடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தப் பத்து நிமிடம் தனித் தண்டனை.

துவைத்த ஜீன்ஸை ஈரத்தோடு சாயமும் உப்பும் கலந்த நீரில் அரை மணி நேரம் துழாவினேன். பிறகு துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தனியே கரைத்த சோடாவை ஊற்றி, 60 பாகை செல்சியஸில் இன்னும் ஒரு மணி நேரம். கை ஓய்ந்தால் மடிப்புகளில் திட்டு விழும்.

அடுத்தது கழுவல். சோடா சேர்ந்ததும் சாயத்தில் ஒரு பங்கு பருத்தியை விட்டுவிட்டுத் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி, இழைகளுக்குள் பதுங்கிக்கொள்ளும். முதலில் குளிர்நீரில் உப்பை அலசிப் போக்க வேண்டும், உப்பிருக்கும்வரை அந்த வீணான சாயம் எளிதில் வெளியே வராது. பிறகு வெந்நீரில் ஊறல், கொட்டல், மறுபடியும் ஊறல். வெள்ளைக் கைக்குட்டையை அழுத்திப் பார்த்துக் கறை படியாத பிறகே நிறுத்தினேன். கீழேயுள்ள டோபிக் கடை எந்திரத்தில் போட்டுவிடலாமே என்றான் தம்பி. அடுத்து வருபவர் பிள்ளையின் வெள்ளைப் பள்ளிச் சட்டையைப் போட்டால்? சொட்டு நிற்கும்வரை ஜீன்ஸ் குளியலறையிலேயே தொங்கியது. பால்கனியில் போட்டிருந்தால் கீழ்வீட்டு அக்காவின் துணிகளுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

கறுப்பு நன்றாகவே ஏறியிருக்கிறது, வெயிலில் பார்த்தால் மட்டும் நீலச் சாயல் தெரியும். முழங்கால் வெளுப்பு முழுதாக மறையவில்லை. சாயம் பெயிண்ட் போல மூடி மறைப்பதில்லை. தையல் நூல் பாலியெஸ்டர், அதனால் பொன்னிறம் அப்படியே நிற்கிறது. எனக்கு அது அழகு, தம்பிக்கு அரைகுறை வேலை.

ஜீன்ஸைப் பார்த்த கீழ்வீட்டு அக்கா, வெளுத்துப்போன தன் கறுப்புப் பேன்ட்டையும் கொண்டுவந்தார். லேபிளைத் திருப்பினேன்: முழுக்கப் பாலியெஸ்டர். அதற்கு டிஸ்பர்ஸ் என்ற வேறு வகைச் சாயமும் கொதிநிலைச் சூடும் வேண்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.