மசாலா சாக்லேட் காபி: ஆறு ஞாயித்துக்கிழமை செஞ்சு பாத்தது

மார்கழிப் பனி ஆரம்பிச்சதுல இருந்து ஒரே ஒரு டம்ளருக்காக ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அடுப்பு முன்னாடி நின்னுட்டு இருக்கேன். முதல் வாய்ல காபி தெரியணும், அப்புறம் சாக்லேட் நாக்குல படரணும், முழுங்கின பின்னாடி பட்டையும் சுக்கும் தொண்டையில லேசா நிக்கணும், மூணுல எதுவும் எதையும் அமுக்கக் கூடாது, இவ்வளவுதான் எனக்கு வேணும். கடையில மோக்கான்னு சாக்லேட் கலந்து குடுக்கற காபியில எனக்கு இனிப்பு மட்டும்தான் தெரியுது. வீட்டுல பித்தளை பில்டர் இருக்கு, அஞ்சறைப்பெட்டி இருக்கு, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவுல கோகோ மரமே இருக்கு, அப்புறம் எதுக்கு வெளிய தேடணும்னுதான் இறங்கினேன்.

முதல் வாரம் கோகோ பவுடர். பால் நல்லா கொதிக்கும்போது ரெண்டு ஸ்பூன் அள்ளிப் போட்டேன், மேலயே கட்டி கட்டியா மிதந்துச்சு, ஒரு கட்டிய ஸ்பூனால உடைச்சுப் பாத்தா உள்ள காஞ்ச மாவு அப்படியே இருக்கு. சர்க்கரை மாதிரி கரையற பொருள் இல்லைங்க இது, பொடிப்பொடியா பால்ல நிக்கத்தான் செய்யும், அதுலயே கொஞ்சம் கொழுப்பு இருக்கறதால தண்ணியும் சீக்கிரம் உள்ள போகாது. அதனால அடுத்த டம்ளருக்குப் பவுடரையும் நாட்டுச்சர்க்கரையையும் முதல்ல காஞ்ச கிண்ணத்துல கலந்துட்டு, சூடான டிகாக்ஷன் ஒவ்வொரு ஸ்பூனா விட்டு குழைச்சேன். முதல் ஸ்பூனுக்கு முரண்டு பிடிக்கும், மூணாவது ஸ்பூனுக்குத் தோசை மாவு பதத்துக்கு வந்து மேல ஒரு மினுமினுப்பு தெரியும். அந்த மினுமினுப்பு வந்த பின்னாடி பாலை ஊத்தினா ஒரு கட்டி கூட இல்லை.

பவுடர் வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. சாதா கோகோ பவுடர் கொஞ்சம் செம்மண் நிறத்துல இருக்கும், லேசா புளிப்பு உண்டு. டச்சு முறைன்னு சொல்றது ஆல்கலி (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்தோட புளிப்பை அடக்கற பொருள்) சேர்த்துப் பதப்படுத்தினது, கருகருன்னு இருக்கும், புளிப்பு இருக்காது. 1828ல கோகோவுல இருந்து கொழுப்பைப் பிழிஞ்செடுக்கற முறைக்கு நெதர்லாந்துல வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை வாங்கினாங்க, இந்த ஆல்கலி சேர்க்கற வழக்கமும் அந்தக் குடும்பத்துக்கிட்ட இருந்து வந்ததுதான். காபியிலயே புளிப்பு இருக்கறதால எனக்கு டச்சு பவுடர்தான் ஒத்து வந்துச்சு.

ரெண்டாவது வாரம் கோகோ 70 சதவீதம் இருக்கற டார்க் சாக்லேட் கட்டி. கொதிக்கற தண்ணி மேல கிண்ணம் வெச்சு உருக்கினேன், பட்டு மாதிரி வழிஞ்சுது, அதுல ஆசையா ஒரே ஒரு ஸ்பூன் டிகாக்ஷன் விட்டேன், அடுத்த நொடி மொத்தமும் இறுகி ஈர மணல் மாதிரி ஆயிடுச்சு. காரணம் இதுதான்: உருகின சாக்லேட்டுல சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் கொழுப்புக்குள்ள காஞ்சபடி இருக்கும், கொஞ்சூண்டு தண்ணி பட்டா துகள் எல்லாம் ஈரமாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். தண்ணி கொஞ்சமா இருந்தாத்தான் இந்தத் தொல்லை, நிறைய இருந்தா இல்லை. தூக்கிப் போட மனசு வரலை, கால் டம்ளர் சூடான பாலை ஒரே தடவையா ஊத்தி விடாம கலக்கினேன், ரெண்டு நிமிஷத்துல திரும்ப வழவழன்னு வந்துடுச்சு. அதுல இருந்து கட்டிய உருக்கறதே இல்லை, துருவி நேரா சூடான பால்லயே போட்டுடறேன். காம்பவுண்ட் சாக்லேட் மட்டும் வேண்டாங்க, அதுல கோகோ வெண்ணெய்க்கு பதிலா வேற தாவரக் கொழுப்பு இருக்கும், குடிச்ச பின்னாடி மேலண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டிட்டே இருந்துச்சு.

மசாலாவுக்குத்தான் அதிக நாள் ஆச்சு. பட்டைப் பொடி தூவினா மேல மிதக்குது, கொஞ்ச நேரத்துல கொழகொழப்பா அடியில சேருது. அதனால எல்லாமே முழுசா, பால்ல போட்டு சின்ன தீயில அஞ்சு நிமிஷம், அப்புறம் வடிகட்டிடறது. இந்த வாசனை எல்லாம் கொழுப்புல நல்லா இறங்கறதால தண்ணிப் பாலை விட 6 சதவீதக் கொழுப்பு உள்ள கெட்டிப் பால்ல ரொம்ப நல்லா பிடிக்குது. மளிகைக் கடையில பட்டைன்னு கேட்டா தடிமனா மரப்பட்டை மாதிரி குடுக்கறது பெரும்பாலும் கேசியா, காரமா முரட்டு வாசனையா இருக்கும், பிரியாணிக்கு அது சரி. சிலோன் பட்டை தாள் மாதிரி மெல்லிசா பல அடுக்கு சுருண்டு சுருட்டு கணக்கா இருக்கும், விரலால நொறுக்கலாம், வாசனையில லேசா ஒரு இனிப்பு. மெக்சிகோவுல சாக்லேட்டுக்கும் மண்பானையில காய்ச்சற காபிக்கும் போடறது இந்தப் பட்டைதான், இலங்கையில இருந்து நிறைய வாங்கறது அவங்கதான். அந்தக் காபிக்கு அவங்க போடற பிலோன்சியோவும் நம்ம வெல்லம் மாதிரி கரும்புச்சாறு காய்ச்சி அச்சுல ஊத்தினதுதான். இதைப் படிச்ச அன்னைக்கே கேசியாவ எடுத்து வெச்சுட்டேன்.

பச்சை இஞ்சி தட்டிப் போட்டப்போ பால் திரிஞ்சுது. இஞ்சியில பாலை உறைய வைக்கற ஒரு நொதி இருக்கு, சீனாவுல கான்டன் பக்கம் அதை வெச்சே பாலை உறைய வெச்சு ஸ்பூன்ல எடுத்து சாப்பிடறாங்க. எனக்கு அது வேணாமே, அதனால சுக்குக்கு மாறினேன், நம்ம சுக்கு காபி குடிச்சு வளர்ந்த நாக்குக்கு அதுதான் நெருக்கமாவும் இருந்துச்சு. வெல்லம் கொதிக்கற பால்ல போட்டாலும் திரியும்னு அம்மா சொல்லிட்டாங்க, அது கடைசியா அடுப்ப அணைச்ச பின்னாடிதான். கிராம்பு ஒண்ணு போட்டாக்கூட பல்வலி மருந்து வாசனை வந்து காபிய மூடிடுது, எடுத்துட்டேன். காஞ்ச மிளகாய் பாதி, விதைய உதறிட்டு ரெண்டே நிமிஷம் பால்ல கிடந்தா போதும், காரம்னு தனியா தெரியாது, முழுங்கினதுக்கப்புறம் நெஞ்சு வரைக்கும் ஒரு கதகதப்பு.

காபி விஷயம். வழக்கமா வாங்கற 80க்கு 20 சிக்கரி கலந்த பொடியில போட்டப்போ கோகோவோட கசப்பும் சிக்கரியோட கசப்பும் சேர்ந்து எது எதுன்னே பிரிக்க முடியலை. சிக்கரி இல்லாத பீபெரி (பழத்துக்கு ஒரே கொட்டையா உருண்டையா விளையற காபி) வாங்கினேன், ஆனா அதுல டிகாக்ஷன் சடசடன்னு இறங்கி நீர்க்கப் போயிடுது, சிக்கரிதான் தண்ணியப் பிடிச்சு மெதுவா விடும்போல. பொடிய ஒண்ணரை மடங்கு போட்டு கொஞ்சம் அழுத்தி வெச்சேன், இப்ப சரியா இருக்கு.

நாலாவது வாரம் ஆனைமலைப் பக்கம் இருக்கற அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்க தோப்புல கோகோ உண்டு, புளிக்க வெச்சு காய வெச்ச கொட்டை கால் கிலோ கேட்டேன். "ஏங்கண்ணு, இந்தக் கசப்பை வெச்சுட்டு நீ என்ன பண்ணப் போற, கூட அரை கிலோ எடுத்துட்டுப் போ"ன்னாங்க. கொட்டைய நீளவாக்குல வெட்டிப் பாக்கணும், நல்லா புளிச்சிருந்தா உள்ள பழுப்பு நிறத்துல வெடிப்பு வெடிப்பா இருக்கும், புளிக்காதது ஊதாவா இருந்து வாய்ல வெச்சா துவர்க்கும். பத்து வெட்டினதுல எட்டு பழுப்பு. இரும்புச் சட்டியில சின்ன தீயில இருபத்தஞ்சு நிமிஷம் வறுத்தேன், முதல்ல காடி வாசனை மூக்கைக் குத்துச்சு, அது போய் அடுப்படி முழுக்க சாக்லேட் வாசனை வந்ததும் தோல் படபடன்னு வெடிக்க ஆரம்பிச்சுது. ஆறவெச்சு கையால நொறுக்கி, அம்மா முறத்துல புடைச்சுக் குடுத்தாங்க, தோல் பறந்து பருப்பு நின்னுச்சு, கால் கிலோவுக்கு 190 கிராம் கிடைச்சுது.

மிக்ஸியில போட்டா முதல்ல பொடியாகுது, அப்புறம் ஓரத்துல அப்பிக்குது, ஜார் சூடு ஏற ஏற எண்ணெய் விட்டு ஈரமாகுது. பருப்புல பாதிக்கு மேல கொழுப்புதாங்க, தண்ணியே வேண்டாம். ஆனா நறநறப்பு போகலை. அப்பதான் அம்மிக்குப் போனேன். மெக்சிகோவுல மூணு கால் வெச்ச கல்லுக்கு அடியில லேசா தணல் போட்டு அரைப்பாங்கன்னு படிச்சிருந்தேன், நான் அம்மிய மதியம் வரைக்கும் வெயில்ல போட்டு சூடேத்தினேன். குழவிய முன்னாடி தள்ளி இழுக்க இழுக்க முக்கால் மணி நேரத்துல கருங்கல் மேல விழுது பளபளன்னு ஓட ஆரம்பிச்சுது, விரல்ல தொட்டா துகள் இருக்கறது ரொம்பக் கூர்ந்து பாத்தாத்தான் தெரியுது. இந்த விழுது போட்ட டம்ளர்தான் இதுவரைக்கும் செஞ்சதுலயே உசத்தி. பழ வாசனை மாதிரி ஒரு லேசான புளிப்பு, எந்தக் கடைக் கட்டியிலயும் எனக்கு அது கிடைச்சதில்லை.

நுரைக்கு மட்டும் நான் யார்கிட்டயும் கத்துக்க வேண்டியிருக்கலை. அமெரிக்காவுல பிரின்ஸ்டன் யூனிவர்சிட்டி மியூசியத்துல மெக்சிகோ பக்கத்துப் பழைய மாயா மக்களோட குவளை ஒண்ணு இருக்கு, கிபி 670ல இருந்து 750க்குள்ள செஞ்சது, அதுல ஒரு பொண்ணு நின்னுட்டு ஒரு பாத்திரத்துல இருந்து கீழ இருக்கற பாத்திரத்துக்கு உயரத்துல இருந்து ஊத்தறா, சாக்லேட்டுக்கு நுரை வரவைக்கத்தான்னு ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க. போட்டோவப் பாத்து அப்படியே உக்காந்துட்டேன், எங்க வீட்டுல தினம் காலையில டபராவுலயும் டம்ளர்லயும் நடக்கறது அதுதானே. பின்னாடி ஸ்பெயின்காரங்க காலத்துல ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல உருட்டற மரக் கடைகோல் வந்துச்சு, அதுவும் நம்ம மோர் மத்து மாதிரியேதான். நான் ரெண்டும் பாத்தேன். மத்து கடைஞ்சா கெட்டி நுரை, ஆத்தினா மெல்லிசு நுரை, ஆனா ஆத்தும்போது அடியில தங்கற கோகோவும் மேல ஏறி வந்துடுது, அதனால ஆத்தறதுதான் எனக்கு.

இப்ப கை நிக்கற அளவு ஒரு பெரிய டம்ளருக்கு: பால் 150 மில்லி, முதல் டிகாக்ஷன் 50 மில்லி, டச்சு கோகோ ஒண்ணரை ஸ்பூன், அரைச்ச விழுது இல்லைன்னா துருவின டார்க் சாக்லேட் 10 கிராம், நாட்டுச்சர்க்கரை ரெண்டு ஸ்பூன், சிலோன் பட்டை சுண்டுவிரல் நீளம், தட்டின சுக்கு ஒரு சின்னத் துண்டு, ஏலக்காய் ஒண்ணு, மிளகாய் பாதி, உப்பு ஒரு கல். உப்ப விட்டுடாதீங்க, கசப்போட முனைய அது மழுக்கிடுது. டிகாக்ஷன கொதிக்க விடாதீங்க, கோகோவக் குழைக்கற அளவுக்கு லேசா சூடு பண்ணா போதும். ஆறு தடவை ஆத்தி சூடா இருக்கும்போதே குடிச்சிடணும், கோகோ வெண்ணெய் 34 டிகிரி பக்கத்துல உருகற கொழுப்பு, ஆறினா மேல எண்ணெய்ப் படலம் மாதிரி நிக்கும்.

போன ஞாயித்துக்கிழமை அம்மா முழு டம்ளரும் குடிச்சுட்டு, "மிளகாய்க்கு பதிலா நாலு மிளகு தட்டிப் போட்டுப் பாரு சாமி, இனிப்புக்கு கருப்பட்டி போடு"ன்னாங்க. அம்மியில அரைச்ச விழுது எவர்சில்வர் டப்பாவுல கெட்டியா உறைஞ்சு இன்னும் 80 கிராம் இருக்கு. கருப்பட்டி நேத்தே வாங்கி வெச்சாச்சு.