மைனஸ் 40 காட்டிய ஸ்கேனர்: மோட்டார் மெக்கானிக் பிராக்டிகலுக்கு நான் தயாரான கதை

ஐடிஐ-யில் மோட்டார் வாகன மெக்கானிக் டிரேடு முடித்தவன் நான். ஊர் நாமக்கல் பக்கம். லாரி பட்டறை சத்தத்திலேயே வளர்ந்ததால் கிளட்ச் இறக்குவது, பிரேக் அட்ஜஸ்ட் செய்வதெல்லாம் சேரும்போதே ஓரளவு கைவந்திருந்தது. பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். இரண்டாம் வருடத்தில் வந்த இன்ஜின் மேனேஜ்மென்ட் சிஸ்டம், அதாவது கம்ப்யூட்டர் சென்சார்களை வைத்து இன்ஜினை நடத்தும் ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம். ஸ்பேனரை எங்கே போடுவது என்றே புரியவில்லை. இந்த வருடம் பரீட்சை எழுதப்போகும் தம்பிகளும் தங்கைகளும் அதே பயத்தோடு கேட்பதால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

பரீட்சை முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தியரி கம்ப்யூட்டரில், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அதில் 33 சதவீதம் எடுத்தால் பாஸ். பிராக்டிகலுக்கு 60 வேண்டும். ஆனால் எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் தியரிக்கு ராத்திரி கண்விழித்தார்கள், பிராக்டிகலுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் படித்தார்கள். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன், அந்த மாதிரித் தேர்வு நடக்கும் வரை.

டிரேடு டெஸ்டுக்கு ஒரு மாதம் முன்பு எங்கள் இன்ஸ்ட்ரக்டர் ஷெட்டில் இருந்த பெட்ரோல் இன்ஜின் ஸ்டாண்டில் ஒரு ஃபால்ட் வைத்து என்னைக் கூப்பிட்டார். நேரம் ஒரு மணி. ஸ்டார்ட் செய்தேன். செக் இன்ஜின் லைட் அணையவில்லை. ஸ்கேனரை மாட்டினேன். பி0118 (P0118) என்று ஒரு ஃபால்ட் கோட்: கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட் ஹை. ‘அவ்வளவுதானா’ என்று ஸ்டோருக்கு ஓடிப் புது சென்சார் வாங்கிவந்து மாட்டி, அந்தக் கோட் பதிவை அழித்து, திரும்ப ஸ்டார்ட் செய்தேன். லைட் திரும்ப எரிந்தது. புது சென்சாரும் டூப்ளிகேட்டோ என்று இன்னொன்று வாங்கி மாட்டினேன். அதற்குள் நாற்பது நிமிஷம் போய்விட்டது.

சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஏன்டா, அதுல சென்சார்னு போட்டிருக்கா, சென்சார் சர்க்யூட்னு போட்டிருக்கா?”

“சர்க்யூட்னு சார்.”

“அப்போ சர்க்யூட்ல சென்சார் மட்டும்தான் இருக்கா?”

அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு இந்தப் பாடத்தைத் திறந்துவிட்டது. அவர் செய்து காட்டியதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஸ்கேனரில் லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் ரீடிங் பார்க்கச் சொன்னார். கூலன்ட் வெப்பம் மைனஸ் 40 டிகிரி. நாமக்கல்லில், அதுவும் ஏப்ரலில்! கோட் மட்டும் பார்த்த என் கண்ணில் இது படவே இல்லை. இன்னொன்றும் படவில்லை: ஆறிக்கிடந்த இன்ஜின், ஸ்டார்ட் ஆனதுமே ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தது. வெப்பம் எவ்வளவு என்று நம்ப முடியாதபோது, எதற்கும் இருக்கட்டும் என்று ஈசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஃபேனை ஓட்டிவிடும்.

மைனஸ் 40 எங்கிருந்து வந்தது? இந்த சென்சாருக்கு இரண்டே ஒயர். ஈசிஎம் உள்ளிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் வரும், சென்சார் வழியாக எர்த்துக்குப் போகும். சூடு ஏற ஏற சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறையும். பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இருக்கும். சூட்டில் வோல்டேஜ் கீழே இறங்கும், குளிரில் மேலே ஏறும். வழியில் எங்காவது கட் ஆனால் முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். ஈசிஎம்முக்கு அது கடுங்குளிர். அதுதான் மைனஸ் 40. கோடில் இருந்த ‘ஹை’ என்ற வார்த்தை வெப்பத்தைச் சொல்லவில்லை, வோல்டேஜைச் சொன்னது. நான் அதையும் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன்.

அப்புறம் சென்சாரில் ஒயர் மாட்டும் கப்ளரைக் கழற்றி, இரண்டு டெர்மினல்களையும் ஒரு சின்ன ஒயரால் சேர்த்தார். ஒயரிங் நன்றாக இருந்தால் ஸ்கேனரில் வெப்பம் ஒரேயடியாக 120-க்கு மேல் தாவ வேண்டும். தாவவில்லை, மைனஸ் 40-லேயே நின்றது. அதாவது சென்சார் குற்றவாளி இல்லை, அதற்கு முன்னால்தான் எங்கோ கட். அடுத்து சிக்னல் டெர்மினலை மட்டும் பேட்டரி மைனஸில் தொட்டார். சட்டென்று மேலே போனது! ஆக, 5 வோல்ட் வரும் ஒயர் சரி, ஈசிஎம் சரி. மிச்சம் இருப்பது எர்த் ஒயர் மட்டும். கப்ளரின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், எர்த் டெர்மினல் லாக் விட்டுப் பின்பக்கம் அரை சென்டிமீட்டர் நழுவி இருந்தது. சார்தான் அதைத் தள்ளிவைத்திருந்தார். செலவு பூஜ்யம். நான் இரண்டு சென்சார் வாங்கியிருந்தேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஜம்பர் வேலையெல்லாம் இரண்டு ஒயர் வெப்ப சென்சாருக்குத்தான். மூன்று ஒயர் சென்சாரில் எது எதனுடன் சேரும் என்று தெரியாமல் ஒயரைச் சொருகினால் நல்ல ஈசிஎம்மும் போய்விடும். ஒயரிங் படம் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

அன்று இரவே நோட்டில் நடுவில் ஈசிஎம் என்று ஒரு பெட்டி போட்டேன். இடப்பக்கம் சென்சார்கள், வலப்பக்கம் அது வேலை வாங்கும் சாமான்கள்: இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், ஃபியூவல் பம்ப் ரிலே, ஃபேன் ரிலே, எலக்ட்ரானிக் த்ராட்டில். ஒவ்வொரு ஒயரின் மேலும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதினேன். சாவி போட்டதும் இதில் எத்தனை வோல்ட்? இன்ஜின் ஓடும்போது எத்தனை? இது கட் ஆனால் வண்டி என்ன செய்யும்? எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது. நிமி (ஐடிஐ பாடப்புத்தகம் போடும் அரசு நிறுவனம்) புத்தகத்தில் இருந்ததைவிட அதிகமாக எனக்கு இந்த ஒரு பக்கம்தான் சோறு போட்டது. நிமியைக் குறை சொல்லவில்லை; தமிழிலேயே கிடைக்கிறது, தியரிக்கு அதன் கேள்வித் தொகுப்பைத் தவறாமல் போட்டுப் பாருங்கள். ஆனால் அந்தப் படத்தை நீங்களே வரைய வேண்டும். நண்பனுடையதை போட்டோ எடுத்தால் மண்டையில் ஏறாது.

படம் வரையும்போதுதான் பல தப்பு எண்ணங்கள் உடைந்தன. பெட்ரோல் இன்ஜெக்டருக்கு ஈசிஎம் 12 வோல்ட் அனுப்பித் திறக்கிறது என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 12 வோல்ட் சாவி போட்டதிலிருந்து அங்கேயே நிற்கிறது. ஈசிஎம் எர்த்தைத்தான் கொடுத்துக் கொடுத்து எடுக்கிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அடிக்கடி வரும் கேள்வி இது. அதே மாதிரி, கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதைப் பார்க்கும் கிராங்க் சென்சார். இரண்டு ஒயர் காயில் வகை என்றால் ஓம் மீட்டரில் பார்க்கலாம். காந்தப்புலத்தை உணரும் மூன்று ஒயர் ஹால் வகையை ஓம் மீட்டரில் பார்த்து ஒரு பயனும் இல்லை, சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் வோல்டேஜில்தான் பார்க்க வேண்டும். நான் ஹால் சென்சாரை ஓம்மில் வைத்துவிட்டு ‘ஓபன் சார், போயிடுச்சு’ என்று சொல்லி வகுப்பே சிரித்தது.

கோட்களை மனப்பாடம் செய்யாதீர்கள். அமைப்பைப் படித்தால் போதும். பி என்றால் இன்ஜினும் கியரும், பி-க்கு அடுத்தது 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொது, 1 என்றால் கம்பெனியின் சொந்தக் கோட். அதற்கடுத்த எண் 1 அல்லது 2 என்றால் காற்று, எரிபொருள். 3 என்றால் இக்னிஷன், மிஸ்ஃபயர். 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ்ஸிங் என்று நீங்களே பிரித்துவிடலாம். யு-வில் ஆரம்பித்தால் ஒரு யூனிட்டுக்கும் இன்னொன்றுக்கும் பேச்சு நின்றிருக்கிறது. அப்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு டயக்னாஸ்டிக் சாக்கெட்டின் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் இடையே ஓம் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 60 வரும். 120 வந்தால் அந்தப் பேச்சு ஒயரின் இரண்டு முனையிலும் இருக்கும் ரெசிஸ்டரில் ஒன்று வழியில் இல்லை என்று அர்த்தம்.

வைவாவில் நான் திணறியது ஃபியூவல் டிரிம், அதாவது ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யும் அளவு. பி0171, கலவை லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்று வந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவதுதான் நம் ஊர் வழக்கம். சேதி கொண்டுவந்தவனை அடிக்கிற கதை அது. லாங் டேர்ம் டிரிம் பிளஸ் 20 என்றால், ஈசிஎம் கணக்குப்படி ஊற்ற வேண்டியதைவிட 20 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றியும் போதவில்லை. ஏதோ ஒரு வெடித்த வேக்குவம் ஹோஸில் கணக்கில்லாத காற்று நுழைகிறது, அல்லது பெட்ரோல் பிரஷர் குறைவு. இதைத் தெளிவாகச் சொல்ல எனக்கு அன்று நாக்கு வரவில்லை.

அப்ரன்டிஸாக ஒரு சர்வீஸ் சென்டரில் இருந்தபோது பார்த்த ஒரு வண்டியையும் சொல்ல வேண்டும். அரிசி மண்டி ஒன்றில் நிற்கும் கார். ஓடும், மேடு ஏறும்போது இருமும், நின்றுவிடும். ஃபியூவல் பம்ப் ஒயரை மீட்டரில் பீப் வைத்துப் பார்த்தோம், பீப் அடித்தது. கப்ளரைக் கழற்றி வோல்டேஜ் பார்த்தோம், 12 இருந்தது. ஒயர் நல்லது என்று பம்பை மாற்றப்போனார்கள். ஃபோர்மேன் அண்ணன் தடுத்து, கப்ளரை மாட்டியபடியே, பம்ப் ஓடும்போது பின்பக்கமிருந்து ஊசி விட்டுப் பார்க்கச் சொன்னார். 7 வோல்ட்! சீட்டுக்கு அடியில் எலி கடித்து ஒரே ஒரு இழை மட்டும் மிச்சம். மீட்டரின் பீப்புக்கு ஒரு இழை போதும். பம்புக்குப் போதாது. அதிலிருந்து லோடு இல்லாமல் எடுத்த ரீடிங்கை நான் நம்புவதில்லை. பம்ப், ரிலே ஒயர்களுக்கு பல்பு டெஸ்ட் லேம்ப் அருமையான கருவி. சென்சார் ஒயரில் மட்டும் அதை வைக்காதீர்கள், தேவைக்கு மேல் கரண்ட் இழுக்கும்.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ஹை பிரஷர் பைப்பிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் டீசல் என்றால் பாதுகாப்புதான் முதல் மார்க். பழைய டீசலில் ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்ப்பார்கள். சங்ககிரி பக்கம் இன்றும் பெரியவர்கள் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். காமன் ரெயிலில் அதைச் செய்தால் 1600 பார், அதற்கு மேலும் உள்ள டீசல் ஊசிபோலத் தோலுக்குள் இறங்கும். இன்ஜெக்டர் ஒயரிலும் பேட்டரி வோல்டேஜைவிடப் பல மடங்கு இருக்கும். இன்ஜினை நிறுத்தி, ரெயில் பிரஷர் இறங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் தொட வேண்டும். எக்ஸாமினர் கேட்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

காலேஜ் ஸ்கேனர் பூட்டிய பீரோவில் இருக்கிறதா? பெரும்பாலும் அப்படித்தான். போனோடு புளூடூத்தில் சேரும் சின்ன ஓபிடி டாங்கிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கம்பெனி சொந்தக் கோட்களை எடுக்காது, ஆனால் லைவ் டேட்டா பழக அது போதும். சொந்தக்காரர் கார் ஒன்றில் விடியற்காலையில் மாட்டிப் பாருங்கள். ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பத்து வண்டியில் நல்ல ரீடிங் பார்த்தவனுக்குக் கெட்ட ரீடிங் தானாகத் தெரியும்.

ஜாப் கார்டு பற்றி இரண்டு வரி. வண்டிக்காரர் சொன்ன குறை, ஆரம்ப ரீடிங், சந்தேகம், செய்த சோதனை, கடைசி ரீடிங் என்று வரிசையாக எழுதுங்கள். ஃபால்ட்டைக் கண்டுபிடிக்காத என் நண்பன் ஒருவன் இதை ஒழுங்காக எழுதியே தேறினான்.

பரீட்சை அன்று எனக்கு வந்தது இரண்டு கோட். பி0122 த்ராட்டில் பொசிஷன், பி0107 மேப் சென்சார் (இன்டேக் பைப்பில் காற்றழுத்தம் பார்ப்பது), இரண்டுமே லோ. முதலில் பேட்டரியில் மீட்டர் வைத்தேன், 12.5. பிறகு த்ராட்டில் கப்ளரில் 5 வோல்ட் சப்ளை பார்த்தேன், இல்லை. மேப்பிலும் இல்லை. என் நோட்டுப் படத்தில் அந்த இரண்டு ஒயரும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவது ஞாபகம் வந்தது. மீட்டரை த்ராட்டில் சப்ளையில் வைத்துக்கொண்டே மேப் கப்ளரைக் கழற்றினேன். டிஸ்ப்ளேயில் 5.0 வந்து நின்றது.

“அப்போ மேப் சென்சார் மாத்திடலாமா தம்பி?” என்றார் எக்ஸாமினர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“ஒரு நிமிஷம் சார்” என்று சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே தலைமுடி மாதிரி ஒரு செம்பு இழை சுற்றியிருந்தது. நகத்தால் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அடுத்த பையனுக்கு வேண்டும் என்று அதைப் பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.