வெர்மான்ட் மலைகளில் ஒரு கூட்ஸ் வண்டியின் பின்னால்

அமெரிக்காவில் சரக்கு ரயிலைப் படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னால், ரயில் பைத்தியங்கள் எல்லோரும் உடனே இரண்டு இடங்களைச் சொல்வார்கள். கலிபோர்னியாவில் டெஹாசாபி லூப், பென்சில்வேனியாவில் ஹார்ஸ்ஷூ கர்வ். இரண்டுமே பெரிய கம்பெனிகளின் பாதைகள். கேமராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், ஒன்று போனால் இன்னொன்று வரும். ஒரு மைலுக்கு மேல் நீளமான வண்டிகள் அங்கே சாதாரணம். நல்ல இடங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே எடுத்த படங்களை வரிசையாகப் பார்க்கும்போது எனக்குச் சலிப்பு தட்டிவிடுகிறது. ஃப்ரேம் முழுக்க கன்டெய்னர்தான் நிற்கிறது. அந்த வண்டி எந்த ஊர் வழியாகப் போகிறது என்பது படத்தில் இல்லை.

எனக்குப் பிடித்தவை பிராந்திய ரயில்வேக்கள். அமெரிக்காவில் இன்று தேசிய அளவில் ஓடும் பெரிய சரக்கு ரயில்வேக்கள் ஆறு. அவற்றுக்குக் கீழே 600-க்கும் மேற்பட்ட சின்னக் கம்பெனிகள். 1980-இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும், பெரிய கம்பெனிகள் தங்களுக்குக் கட்டுப்படியாகாத கிளைப் பாதைகளை விற்றுத் தள்ளின. அப்படிக் கைமாறியவற்றில்தான் இந்தச் சின்னக் கம்பெனிகளில் பலவும் ஓடுகின்றன. பத்துப் பதினைந்து வேகன், முன்னால் ஒன்றோ இரண்டோ பழைய டீசல் என்ஜின், அவ்வளவுதான் வண்டி. இத்தனை சின்ன வண்டியை வைத்துக்கொண்டு ஃப்ரேமை நிரப்ப முடியாது. மலையையும் ஆற்றையும் உள்ளே சேர்த்தே ஆகவேண்டும். நான் போவதே அதற்காகத்தான்.

இந்த முறை போனது வடகிழக்கு மூலையிலிருக்கும் வெர்மான்ட் மாநிலத்துக்கு. கிழக்கு எல்லையில் கனெக்டிகட் ஆற்றங்கரையில் இருக்கும் பெல்லோஸ் ஃபால்ஸ் என்ற ஊரிலிருந்து, பச்சை மலைத்தொடரைக் குறுக்கே தாண்டி மேற்கே ரட்லண்ட் வரைக்கும் ஒரு பாதை போகிறது. சுமார் 50 மைல். கிரீன் மவுன்டன் ரயில்ரோடு என்ற கம்பெனி அதில் வண்டி ஓட்டுகிறது. முன்பு இது ரட்லண்ட் ரயில்வேயின் பாதை. நியூயார்க் நகரத்துக்குப் பால் கொண்டுபோய்ப் பிழைத்த கம்பெனி அது. 1961-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்தது. வண்டிகள் நின்றன. அதற்கப்புறம் அந்தக் கம்பெனி ஓடவே இல்லை. மாநில அரசு தண்டவாளத்தை வாங்கி, ஓட்டும் பொறுப்பைப் புதிய சின்னக் கம்பெனிகளிடம் கொடுத்தது. அப்படி 1964-இல் தொடங்கிய வெர்மான்ட் ரயில்வேயின் குழுமம், 1997-இல் கிரீன் மவுன்டனையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இன்று இந்தப் பாதையில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் எரிபொருளும் சுண்ணாம்புக்கல் தூளும் போகின்றன. பளபளப்பான சரக்கு ஒன்றும் கிடையாது.

அக்டோபர் முதல் வாரம். சுகர் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கிற நேரம். இலை பார்க்க வருகிறவர்களின் கார்கள் 103-ஆம் எண் சாலையில் வரிசை கட்டி நிற்கும், விடுதிகளில் வாடகை ஏறிவிடும். வார இறுதியைத் தவிர்த்துவிட்டு வார நாளில் போனேன். கூட்டத்துக்குப் பயந்து இல்லை. கூட்ஸ் வண்டிக்கு வாடிக்கையாளர் தொழிற்சாலைகள்தான், அவை திறந்திருக்கும் நாளில்தான் வண்டிக்கும் வேலை.

கால அட்டவணை என்று ஒன்று வெளியில் கிடைக்காது. ரயில்வேக்காரர்களின் பேச்சைக் கேட்க உதவும் ஒரு ஸ்கேனர் ரேடியோ கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ரயில்வேக்கள் பேசுவது 160, 161 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில். இந்தப் பாதையில் சிக்னல் கம்பங்கள் இல்லை. வண்டிகளின் போக்கைக் கட்டுப்படுத்தும் டிஸ்பாட்சர் ரேடியோவில் அனுமதி சொல்வார், வண்டியிலிருப்பவர் அதை ஒரு சொல் விடாமல் திருப்பிப் படிப்பார். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை போகலாம் என்பது அதிலேயே வந்துவிடும். அன்று காலை பெல்லோஸ் ஃபால்ஸில் காபியோடு காருக்குள் உட்கார்ந்திருந்தபோது அந்தக் குரல் வந்தது. வண்டி மேற்கே ஏறப் போகிறது. சரி, கிளம்பு!

இந்தப் பாதையின் வசதியே 103-ஆம் எண் சாலைதான். தண்டவாளமும் சாலையும் ஒரே பள்ளத்தாக்கில் ஏறுவதால் இரண்டும் விலகுவதும் சேர்வதுமாகவே போகின்றன. இந்த மாதிரி பாதைகளில் பெரும்பாலும் இரண்டாம் வகுப்புத் தண்டவாளம்தான். அந்த வகுப்பில் சரக்கு வண்டிக்கு உச்ச வேகம் மணிக்கு 25 மைல். காரில் சட்டப்படி நிதானமாகப் போனாலே வண்டியை முந்தி, இறங்கி, இடம் பார்த்து நிற்க அவகாசம் கிடைக்கும். ஒரே வண்டியை ஒரே நாளில் எத்தனையோ இடத்தில் எடுக்கலாம். டெஹாசாபியில் இது நடக்காது. அங்கே நாம் ஒரு இடத்தில் நிற்போம், வண்டிகள் மாறும். இங்கே வண்டி ஒன்று, இடங்கள் மாறும். இரண்டாவதுதான் பயணம் என்பது என் கட்சி.

முதல் நிறுத்தம் பிராக்வேஸ் மில்ஸ். வில்லியம்ஸ் ஆறு பாறையைக் குடைந்து ஆழமான பிளவாக ஓடுகிறது. அதன் மேல் ரயில் பாலம். பக்கத்திலேயே சாலைப் பாலம் இருப்பதால் பொது இடத்தில் நின்றபடியே எடுக்கலாம். இதை அழுத்திச் சொல்கிறேன். அங்கே தண்டவாளமும் அதை ஒட்டிய நிலமும் தனியார் சொத்து. தண்டவாளத்தில் ஏறி நின்றால் அத்துமீறல், சட்டப்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து. சாலை, சாலைப் பாலம், லெவல் கிராசிங்கின் ஓரம், இவை போதும். இவற்றிலிருந்து கிடைக்காத படம் எனக்கு வேண்டியதில்லை.

இந்தத் திசையில் காலை வெளிச்சம் ஒரு சிக்கல். வண்டி வடமேற்கே போகிறது, சூரியன் தென்கிழக்கே. அதாவது வண்டியின் முதுகுக்குப் பின்னால் வெயில், நமக்குத் தெரியும் முகம் நிழலில். ரயில் படக்காரர்கள் பலர் இப்படியிருந்தால் கேமராவை மூடிவிடுவார்கள். என்ஜினின் முகமும் பக்கமும் வெயிலில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய எழுதாத விதி. எனக்கு அந்த விதியில் நம்பிக்கை இல்லை, அதுவும் இலையுதிர் காலத்தில். எதிர்வெயிலில்தான் மேப்பிள் இலைக்குள் வெளிச்சம் புகுந்து வெளியே வருகிறது. முன்வெயிலில் அதே இலை வெறும் பெயிண்ட். எக்ஸ்போஷரை இலைக்கு வைத்துவிட்டு, என்ஜின் எவ்வளவு இருண்டாலும் இருளட்டும் என்று விட்டேன். கேமரா பதிவு செய்யும் பதப்படுத்தாத ரா ஃபைலில் நிழலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். முன்விளக்கும் அதன் கீழே இரண்டு பக்கமும் எரியும் சின்ன விளக்குகளும் வண்டி அங்கே இருப்பதைச் சொல்லிவிடுகின்றன. பச்சையும் மஞ்சளுமான என்ஜின் மரங்களுக்குள்ளிருந்து வெளிவந்து பாலத்தில் ஏறியபோது, புகை மட்டும் வெள்ளி விளிம்போடு தெரிந்தது.

அடுத்து பார்ட்டன்ஸ்வில். இங்கே ஒரு கூரை போட்ட மரப்பாலம் உண்டு. 1870-இல் கட்டிய பழைய பாலத்தை 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இப்போது நிற்பது அதே வடிவத்தில் திரும்பக் கட்டியது. அதன் பக்கம் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி ஒரு கிராசிங்கில் நின்றேன். வண்டி தெரிவதற்கு முன்னால் ஹாரன் கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம். கிராசிங்குக்கு 15 முதல் 20 வினாடி முன்பே இதைத் தொடங்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. படம் எடுக்கிறவனுக்கு அது கடிகாரம். சட்டர் 1/800-இல் இருக்கிறதா, ஃபோகஸ் பூட்டியாயிற்றா, யாராவது ஃப்ரேமுக்குள் நிற்கிறார்களா என்று பார்க்க அது தாராளமாகப் போதும்.

வண்டி கடந்தபோது கேமராவைக் கீழே இறக்கிவிட்டு சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பாணி இணைப்புத் தண்டவாளம். இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் பக்கவாட்டில் இரும்புப் பட்டை, அதில் நான்கு போல்ட். ஒவ்வொரு சக்கரம் ஏறும்போதும் அந்த இணைப்பு ஒரு விரல் அளவு கீழே அமுங்கி, ஜல்லிக்கு நடுவிலிருந்து சேற்றுத் தண்ணீரைத் துப்பிவிட்டு மேலே வந்தது. டேங்கர் வேகன் வந்தபோது இன்னும் ஆழம். துருவின் நிறத்தில் அந்தச் சேறு கட்டையின் மேல் வழிந்து காய்ந்திருந்தது. எத்தனை காலமாகத் துப்பிக்கொண்டிருக்கிறதோ.

செஸ்டரில் வண்டி நின்று வேகன் மாற்றியது. எனக்கு மதிய உணவு நேரம் கிடைத்தது. கேஸட்ஸ் தாண்டியதும் சாலை ஒரு இடுக்குப் பள்ளம் வழியாகக் குறுக்கே போய்விடும், தண்டவாளம் மட்டும் காவெண்டிஷ் பக்கம் சுற்றிக்கொண்டு போகும். துரத்துகிறவர்களில் பலர் இந்தச் சுற்றை விட்டுவிட்டு நேரே லட்லோ போய் நிற்பார்கள். நான் காவெண்டிஷ் போனேன், படத்துக்காக இல்லை.

மூளையைப் பற்றிப் படித்தவர்கள் எல்லோரும் ஃபினியஸ் கேஜ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1848 செப்டம்பர் 13. இந்தத் தண்டவாளத்துக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்த குழுவுக்கு அவர் மேஸ்திரி, வயது 25. துளையில் வெடிமருந்தை இடிக்கும்போது பொறி பற்றி, கையிலிருந்த இரும்புக் கம்பி இடது கன்னத்துக்குக் கீழே நுழைந்து மண்டையின் உச்சி வழியாக வெளியேறிவிட்டது. மூன்றரை அடிக்கு மேல் நீளம், ஆறு கிலோ எடை. மனிதர் சாகவில்லை. மாட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே ஊருக்குள் வந்து டாக்டரோடு பேசினார். அதற்குப் பின் 1860 வரை வாழ்ந்தார், நடுவில் சிலி நாட்டில் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். ஆனால் குணம் மாறிப்போனது என்று அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் எழுதிவைக்க, மூளையின் முன்பகுதிக்கும் மனிதரின் குணத்துக்கும் என்ன தொடர்பு என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியது. மண்டை ஓடும் கம்பியும் ஹார்வர்டில் இருக்கின்றன. காவெண்டிஷில் ஒரு நினைவுக்கல் உண்டு. அதைப் படித்துவிட்டுத் திரும்பும்போது மரங்களுக்கு அந்தப் பக்கம் நம் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதை விட்டுவிட்டேன். இந்த வேகத்துக்கு லட்லோவில் பிடித்துக்கொள்ளலாம்.

லட்லோவில் பாதை ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஏறுகிறது. 2023 ஜூலை வெள்ளத்தில் இந்தப் பக்கம் அடியிலிருந்த மண் முழுக்கக் கரைந்து, தண்டவாளமும் கட்டைகளும் மட்டும் காற்றில் தொங்கிய படங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஏறும் வண்டியை இங்கே கேட்கவே ஆசையாக இருக்கும். என்ஜின் முழு மூச்சில், வேகமோ நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் தேய்ந்து கிறீச்சிடுகிறது. அகல லென்ஸ் போட்டு, மேலே முழு மலையும் கீழே ஊரின் கூரைகளும் வருமாறு எடுத்தேன். வண்டி ஃப்ரேமில் பத்தில் ஒரு பங்குதான். அன்றைய படங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். நண்பர் ஒருவரிடம் காட்டியதும் "ரயில் எங்கே?" என்று கேட்டார். தேடட்டும்.

உச்சி மவுன்ட் ஹாலியில். அதே 1848-இல் இங்கே சதுப்பு நிலத்தை வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்கு மாமூத் யானையின் தந்தமும் பல்லும் கிடைத்தன. அடுத்த வருடம், இந்தப் பாதையைப் போட்ட அதே கம்பெனிக்காக வடக்கே சார்லட் என்ற ஊரில் தோண்டியபோது ஒரு வெள்ளைத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு. கடலே இல்லாத வெர்மான்டில்! பனியுகம் முடிந்த காலத்தில் கடல் உள்ளே புகுந்து கிடந்த பகுதி அது. இன்று மாநிலத்தின் அதிகாரபூர்வ புதைபடிமங்களில் ஒன்று அந்த யானை, இன்னொன்று அந்தத் திமிங்கலம். ஒரு ரயில் பாதை போடப் போய் இவ்வளவும் அகப்பட்டிருக்கிறது. உச்சியில் படம் எடுக்க ஒன்றும் பெரிதாக இல்லை, காடும் சேறும்தான்.

கடைசியாக கட்டிங்ஸ்வில். உயரமான எஃகுக் கால்களில் நிற்கும் பாலம் பள்ளத்தைத் தாண்டுகிறது. பிற்பகலாகிவிட்டதால் சூரியன் தென்மேற்குக்கு வந்து வண்டியின் இடது பக்கம் முழுக்க வெயில். விதிக்காரர்களுக்கும் திருப்தியான வெளிச்சம். சாலையோரக் கல்லறைத் தோட்டத்தில் பவ்மன் என்ற செல்வந்தர் தன் குடும்பத்துக்குக் கட்டிய சமாதி இருக்கிறது. அதன் படிக்கட்டில் அவரே ஒரு கையில் சாவியோடு துக்கம் விசாரிக்க வந்து மண்டியிட்டிருப்பதுபோல் பளிங்குச் சிலை. அங்கே ஒரு சுற்று சுற்றிவிட்டு பாலத்தடிக்கு வந்தபோது, வண்டி ஏற்கெனவே மலையிறங்கும் சத்தம் கேட்டது. 70 மில்லிமீட்டரில் பக்கவாட்டாக ஐந்தாறு படம். பாலத்தின் மேல் ஜன்னலிலிருந்து ஒரு கை அசைந்தது. நானும் அசைத்தேன்.

ரட்லண்ட் வரை துரத்தவில்லை. இனி சமவெளி, யார்டு, கம்பி வேலி. அடுத்த முறை ஜனவரியில் போவதாக எண்ணம். சாலை உப்புக்குத் தேவை உச்சத்தில் இருக்கும் மாதம் அது, வண்டிகள் நீளமாக வர வாய்ப்பு அதிகம். இலை கொட்டியிருப்பதால் கட்டிங்ஸ்வில் பாலத்தின் கால்களையும் மரங்கள் மறைக்காது. ஆனால் கையுறை போட்டுக்கொண்டு சட்டரை அழுத்த ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.