பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரு பணிவாழ்க்கை

இலங்கையிலிருந்து வேலூருக்கு வந்து சேர்ந்தவர்களில் நாங்கள் முதலாமவர்கள் அல்லர். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, மறு ஆண்டு குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய கல்லறை இருக்கும் இடத்தில் 1990இல் முத்து மண்டபம் எழுந்தது. அதே ஆண்டில்தான், மன்னார் தீவின் பேசாலையிலிருந்து படகேறிய எங்கள் குடும்பம் இராமேசுவரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் முகாமில் பதிவாகி, அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் பெற்றிருந்த இந்த மாவட்டத்துக்குப் பேருந்தில் அனுப்பப்பட்டது.

முகாமில் வளர்ந்து, வேலூரில் பட்டப்படிப்பை முடித்து, ஈழ அகதிகளுக்காகப் பணியாற்றும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஊக்கத்தொகைக்குச் சேர்ந்தேன். மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதுதான் முதல் வேலை. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு வெளியார் முகாமுக்குள் வருவதே கடினமாகிவிட்டிருந்தது. 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டைத் திப்பு மகாலில், விடுதலைப் புலிகள் என்று அடைத்துவைத்திருந்த சிறப்பு முகாமிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பியதும், அவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத எங்கள் ஆண்களையும் ஊர் சந்தேகத்தோடு பார்த்தது. பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போனவர்கள் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் மாலை செக்கிங்குக்குத் திரும்பத் தாமதமானால் வீட்டுப் பெண்கள் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருப்பார்கள். அந்தக் காலத்தில், முகாமுக்குள்ளேயே இருக்கும் ஒருவர், அதுவும் படித்த ஒரு பெண், அலுவலகத்துக்குத் துணையாக வருவது எங்கள் மக்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை நான் கண்ணால் கண்டேன். வகுப்பை விட்டுப் பத்திர வேலைக்கு நான் வந்ததற்கு அதுவே காரணம்.

பத்திர வேலை என்பதில் பெரும்பகுதி, முகாமில் பிறந்த குழந்தைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்வது. பென்ட்லேண்ட் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிடும். ஆனால் அது பிறந்த இடத்தைச் சொல்லுமே தவிர எந்த நாட்டுப் பிரசை என்று சொல்லாது. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவரும் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனை சேர்ந்தது. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவர்களை அரசு அந்தப் பிரிவில்தான் வைக்கிறது. எனவே எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது. இலங்கைச் சட்டமோ, வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. தாமதமானால் தக்க காரணம் காட்டி அனுமதி பெற வேண்டும். எங்களில் அநேகமாக எல்லோருக்குமே தாமதம்தான்.

விண்ணப்பத்தை நிரப்புவது எளிது. பெற்றோரின் சான்றிதழ்களை ஒன்றோடொன்று பொருத்துவதில்தான் நாள்கள் போகும். மன்னார்ச் சான்றிதழில் சூசை என்று இருப்பவர் மண்டபம் பதிவேட்டில் யோசேப்பு. வேலூர்க் குடும்ப அட்டையில் ஜோசப். அங்கே தகப்பன் பெயரை முழுவதுமாக முன்னால் எழுதுவார்கள். இங்கே ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடுவார்கள். போதாக்குறைக்கு மாவட்டத்தின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. வட ஆற்காடு அம்பேத்கர் வேலூர் ஆனது. 2019இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இராணிப்பேட்டைப் பக்கத்தில் வீடு மாறாமல் இருந்த ஒரு குடும்பத்தின் காகிதங்களில் மூன்று மாவட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் நோட்டரி முன் பிரமாணப் பத்திரம், வெளியூர் போக வட்டாட்சியரின் அனுமதி, விடியற்காலையில் காட்பாடியில் ரயில், நுங்கம்பாக்கத்தில் காத்திருப்பு.

முகாமில் இந்த வேலையை எல்லோரும் வரவேற்கவில்லை. "இலங்கைப் பிரசை என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு இந்தியா எப்படியம்மா குடியுரிமை கொடுக்கும்?" என்று முகாம் தலைவரே என்னிடம் கேட்டார். அது நியாயமான அச்சம். இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே படித்து, பேசாலையைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தியக் குடியுரிமைதான் உரியது என்று நானும் நம்புகிறேன். 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொன்னபோது எங்கள் முகாமில் இனிப்புக் கொடுத்தார்கள். ஆயினும் எந்த நாட்டிலும் பெயர் இல்லாத பிள்ளைக்கு எந்த நாட்டின் கதவும் திறக்காது என்பதே என் துணிபு. முடிவை நான் எடுப்பதில்லை. இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு, குடும்பம் பேசி முடிவெடுத்து வரட்டும் என்று காத்திருப்பேன்.

ஒரு தாயும் மகளும் வந்ததைச் சொல்ல வேண்டும். மகள் செவிலியர் படிப்பை முடித்திருந்தாள். முந்திய வாரம் ஓர் அலுவலகத்தில், நாற்காலி காட்டாமல், எந்தப் படகில் வந்தீர்கள், கணவர் எப்படிச் செத்தார் என்று எல்லார் முன்னிலையிலும் தாயிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தில் அவற்றுக்கான கட்டமே கிடையாது. என் மேசையில் உட்கார்ந்ததும் அந்த அம்மா தாமாகவே கணவர் இறந்த கதையை ஆரம்பித்தார். "அது இந்தப் படிவத்துக்கு வேண்டாம் அக்கா, உங்கள் அம்மாவின் பெயரை மட்டும் சொல்லுங்கள்" என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, பெயரைச் சொன்னார். மன்னாரில் இருந்த உறவினர் ஒருவர் பிரதேச செயலகத்துக்கு நடையாய் நடந்து பழைய பதிவின் பிரதியை எடுத்து அனுப்பினார். தாய் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு பேசாலைக்குத் திரும்பினார். மகள் திரும்பவில்லை, இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறாள். அரசுப் பணித் தேர்வு எழுத அவளுக்கு வழியில்லை.

2021 நவம்பரில் மேல்மொணவூர் முகாமில் முதலமைச்சர் அடிக்கல் நாட்டிய 7,469 வீடுகள் திட்டத்தில் புது வீடுகள் எழுந்தன. ஒழுகாத கூரையின் அருமை, மழைநாளில் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். குடியுரிமைக் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. இப்போது முகாமில் பிறந்த இரண்டு இளம் பெண்கள் என்னிடம் இந்த வேலையைக் கற்கிறார்கள். பேரக்குழந்தையின் பதிவுக்காகத் தாத்தாவின் சான்றிதழை எடுத்து வரும் குடும்பங்களை இனி அவர்கள்தாம் பார்க்கப் போகிறார்கள். படிவத்தில் இல்லாத கேள்வியைக் கேட்கக்கூடாது என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிட்டேன். சிங்களத்தில் எழுதிய பழைய பதிவுகளைப் படிக்க இருவருமே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது; அதற்கு ஓர் ஆசிரியரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.